நடுநீரில் நின்ற பருக்கை

வேனில் முதிர்ந்து தளர்ந்திருந்தது. மேற்கே நீலம் மங்கிய மலைத்தொடர். கிழக்கே சேறு படிந்த வளைகுடா. இடைப்பட்ட தட்டை நிலமெங்கும் வானத்தைப் பாத்தி கட்டி வைத்தாற்போல் உப்பளங்கள். அலையாத்திக் காட்டின் விளிம்பில் கொக்குகள்கூடக் கால் மாற்றச் சோம்பி நின்றன. நாள் தவறாமல் வீச வேண்டிய தெற்குக் காற்று இவ்வாண்டு நெடுவழி நடந்தவனைப்போல் வருவதும் நிற்பதுமாய் மூச்சு வாங்கியது. அதைத் தென்றல் என்று பாட எவருக்கும் மனம் வராது. வரக்கூடாத மழை இருமுறை வந்தது. இருமுறையும் பாத்தியில் பூத்த உப்பு, பூத்த இடத்திலேயே கரைந்தது.

பெட்சபுரிக் கரையில், பான் லேம் ஊருக்குத் தெற்கே, சம்லியும் அவள் அண்ணன் ப்ரயோங்கும் சேர்ந்து பார்க்கும் உப்பளத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பாத்தி நீர். நாற்பது நாள் வெயில் குடித்து முற்றிய நீர். அதை அடுத்த பாத்திகளில் பரப்பினால் ஒரு வாரத்தில் உப்பு வாரலாம். அதுவும் போனால், மறுபடி கடல்நீர் பாய்ச்சி முற்ற வைப்பதற்குள் பருவமழை தொடங்கிவிடும். இந்த ஆண்டுக் களஞ்சியத்தில் துடைப்பத்துக்கும் வேலை இராது.

அன்று உச்சிப்பொழுதில் மலைப்பக்கமிருந்து மூன்றாம் மழை வந்தது. அரைமணி நேரம் நேர்க்கோடாய்ப் பெய்து, சட்டென்று நின்றது. காற்று அசையவில்லை. வரப்பின் மேலிருந்த, நீர் இறைக்கும் காற்றாடியின் பாய்த்துணி ஈரம் சொட்டத் தொங்கியது.

குடிசையிலிருந்து வந்த ப்ரயோங் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாத்தியைப் பார்த்தான்.

"மடையைத் திறந்து விட்ரு சம்லி. போதும். என்னால முடியல."

"அவசரப்படாதண்ணே. காத்து இல்ல பாரு. மழைத்தண்ணி மேல மிதக்குது. நம்ம தண்ணி அடியிலதான் படுத்திருக்கு."

அடுத்த வரப்பிலிருந்து லமோம் குரல் கொடுத்தாள். அவள் தன் பாத்தியை அப்போதே வடித்துவிட்டிருந்தாள். "என்னடி சம்லி, மழையைக் கரண்டியில மொண்டு ஊத்தப் போறியா? நான் எல்லாத்தையும் கடலுக்கே குடுத்துட்டேன். கட்டையை நீட்டிப் படுக்கப் போறேன்."

"நீ படு லமோம் அக்கா. குறட்டை விட்டுக் காத்தை மட்டும் கிளப்பிடாதே!"

மடை என்பது ஒன்றன்மேல் ஒன்றாய்ச் செருகிய பலகைகள். மேற்பலகையை மெல்ல உருவினால் மேல்நீர் மட்டும் இலையளவு கனத்தில் வழியும். ஆனால் எங்கே நிறுத்துவது? குறைவாய் வழிந்தால் நன்னீர் தங்கிவிடும். மிகுதியாய் வழிந்தால் முற்றிய நீரும் உடன்போகும். சம்லி விரலை நனைத்து நாவில் வைத்தாள். முப்பது ஆண்டு உப்பு தின்று மரத்த நாவு. எல்லாம் ஒன்றாகவே கரித்தது.

"அண்ணே, சோத்துப் பாத்திரத்தை எடு. பருக்கை போட்டுப் பாத்துடலாம். நல்ல தண்ணில முங்கும், நம்ம தண்ணில நிக்கும்."

ப்ரயோங் தலையைச் சொறிந்தான். "சோறா... மழை பெஞ்சுதா, சும்மா உக்காந்திருந்தேனா..."

"ரெண்டு பேரு சோத்தையுமா?"

"மீனு நல்லா இருந்துச்சு."

திட்டுவதற்கும் அவளுக்குத் தெம்பில்லை. வரப்பு மூலையில், ஒற்றைத் தூணின்மேல், அவர்கள் தாத்தா என்றழைக்கும் நிலம் காக்கும் தெய்வத்தின் சிறுவீடு இருந்தது. காலையில் அவள் படைத்த சோறு கூரைக்குக் கீழே நனையாமல் இருந்தது. ஆனால் ஊதுவத்தியைச் சாரல் பாதியில் அணைத்திருந்தது. அது எரிந்து முடிந்த பிறகே படையலை இறக்குவது வழக்கம்.

"வேணாம் சம்லி," என்றான் ப்ரயோங். "தாத்தா இன்னும் சாப்ட்டு முடிக்கல. தட்டுலேர்ந்து பிடுங்குறதா?"

காற்றாடியின் துணி ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. காற்று எழுந்தால் இரு நீரும் கலந்துவிடும்.

சம்லி கைகூப்பினாள். "தாத்தா, ஒரு பிடிதான். உங்க நிலத்துக்காகத்தான் கேக்குறேன். மிச்சத்துல ஒரு பருக்கை என் வாய்க்குப் போகாது."

ஒரு பிடி அள்ளி மடையருகே மண்டியிட்டு, சில பருக்கைகளை நீரில் விட்டாள். அவை தள்ளாடி இறங்கின. இரண்டு விரல் ஆழத்தில், தரையைத் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத தளமொன்றில் அமர்ந்தாற்போல் நின்றன. அங்கேதான் நாற்பது நாள் வெயில் இருந்தது.

"அண்ணே, பலகையை எடு. மெதுவா... உன் இடுப்பு மாதிரி வெடுக்குன்னு பிடிச்சுக்காம!"

அவன் பல்லைக் கடித்து உருவினான். நீர் ஓசையின்றி வழிந்தது. பருக்கைகள் நின்ற தளம் நிமிடத்துக்கு நிமிடம் மேற்பரப்பை நெருங்கியது. ஒன்றரை விரல். ஒரு விரல். அரை விரல். துணி மறுபடி படபடத்தது. பாத்தியின் மறுகோடியில் நீரில் சுருக்கம் விழத் தொடங்கியது.

"போடு! போடு!"

பலகை விழுந்தது. காற்று வந்து பாத்தி முழுவதையும் கலக்கிற்று. கலக்கட்டும், இனிக் கலப்பதற்கு மழைநீர் அதிகம் இல்லை. சம்லி புதிதாய் ஒரு பருக்கையை விட்டாள். அது அடிக்குப் போகவில்லை; நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சோம்பலாய் மிதந்தது.

"அஞ்சாறு வெயில் சேந்தாப் போதும்," என்றாள்.

"என்னடி, உப்புத்தண்ணி இருக்கா?" என்று லமோம் கேட்டாள். கேலி வற்றிய குரல்.

"இருக்கு அக்கா. உப்பு வாரும்போது நீயும் வா. ரெண்டு பேருமாச் சேந்து வாருவோம்."

ப்ரயோங் வரப்பிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். சம்லிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. கையில் ஒட்டிய சோற்றை நக்கவில்லை. ஒவ்வொரு பருக்கையாய் வழித்துத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். அணைந்த பாதி ஊதுவத்தியை மூன்று தீக்குச்சி செலவழித்துப் பற்ற வைத்து, அது எரிந்து சாம்பல் உதிரும்வரை ஈரமண்ணில் கைகூப்பி அமர்ந்திருந்தாள்.

வயலில் மழை பொழிக. உப்பளத்தில் வெயில் காய்க. இரண்டையும் பார்த்து நடுவே நிற்போர் எல்லாரும் பசியாறி உறங்குக.