இரண்டு துளைகள்

வாசல் குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது என் கழுத்துச் சங்கிலி வெளியே வந்து ஆடியது. எதிரே நின்ற பக்கத்து வீட்டுக் கோமதித்தாய் அத்தை தன் குடத்தை வைத்துவிட்டு, அதில் தொங்கிய வெள்ளி இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி ஜெமி, இத எங்கன வாங்குன?"

"நியாஸ் அண்ணன் கடையில, அத்தே. பழசு."

"இதுல பாம்புல்லா இருக்கு." அத்தை இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமிக்கு நேந்தது. யாரோ உண்டியல்ல போடாம வித்துட்டாவ. இதப் போயி கழுத்துல மாட்டிக்கிட்டு அலையுத?"

எங்கள் ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தாலோ தேள் கொட்டினாலோ, கோவில் வாசலில் வெள்ளித்தகட்டில் செய்த பாம்பும் தேளும் வாங்கி உண்டியலில் போடுவார்கள். அதனால் வளைந்த கோடு எதைக் கண்டாலும் இங்கே பாம்புதான்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா வெளியே வந்தாள். கிறிஸ்துமஸ் பலகாரமும் ஆடித்தபசுப் பலகாரமும் மதில் வழியாகக் கைமாறும் வீடுகள் எங்களுடையவை. ஆனால் சாமி விஷயத்தில் இருவரும் ஒரே கருத்தாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நேந்துக்கிட்ட பொருள் நம்ம வீட்டுக்கு ஆகாது, கழட்டு" என்றாள் அம்மா.

"வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போறேன், நேசமணிக்கா. நானே உண்டியல்ல சேத்துருதேன்" என்றாள் அத்தை.

நான் பி.எஸ்சி. வேதியியல். திருவேங்கடத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பாடமும் கல்லூரியும் அம்மா தேர்ந்தெடுத்தவை. என் சுடிதார்கள் வாடிக்கையாளர் துணியில் மிஞ்சியவை. முதல் சம்பளத்தை அப்படியே கொடுத்தபோது அம்மா கொஞ்சம் திருப்பித் தந்து, உனக்கென்று ஏதாவது வாங்கிக்கொள் என்றாள். நியாஸ் அகமது அண்ணனின் பழைய பொருள் கடையில், உடைந்த கடிகாரங்களுக்கு நடுவே கிடந்த இதை விரல் நீட்டிக் காட்டினேன். அப்படி நான் காட்டி வாங்கிய பொருள் வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. இதுவும் போய்விட்டால் இனி எதையும் காட்ட மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"சாமிக்கு நேந்ததுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "இவ வாயத் தொறந்துட்டாளே!" என்றாள் அத்தை.

"வெள்ளிக்கிழம வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். இது என்னன்னு நான் கண்டுபுடிக்கேன். முடியலன்னா எடுத்துக்கோங்க."

"பாம்பா பல்லியான்னு பாக்கத்தான் இம்புட்டுப் படிப்பா?" அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு உள்ளே போனாள்.

முதலில் நியாஸ் அண்ணனிடம் போனேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. மெட்ராஸில் ஒரு வீட்டைக் காலி செய்யும்போது பெட்டியோடு வாங்கியதாம். "பெண்டன்ட்டுதாம்மா. சங்கிலி இருக்குல்லா?" என்றார். அதைத் தாண்டி அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கிருந்து கோவில் வாசலுக்கு நடந்தேன். ஒரு கடையில் பாம்புத் தகடு ஒன்று கேட்டேன். "வீட்ல பாம்பு வந்துச்சாம்மா?" என்று கடைக்காரப் பெண் இரக்கத்தோடு கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "பயப்படாத. போட்டுட்டுப் போ, அண்டாது" என்றாள். பைபிள் இருந்த அதே பைக்குள் பாம்பை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் இரண்டையும் லென்சுக்குக் கீழே வைத்தேன். கோவில் தகடு காகிதம்போல மெல்லியது. அச்சில் அடித்தது, தட்டையானது, ஓரம் நகத்தைக் கீறியது. என்னுடையது கனமாக இருந்தது. கரண்டியைப் போல உட்புறம் குழிந்திருந்தது. அந்தக் குழி முழுதும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. உண்டியலுக்குப் போகும் பொருள் எங்கே உரசித் தேய்ந்திருக்கும்? பாம்பு என்று அத்தை சொன்ன கோட்டை ஓரமாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அதற்கு இலைகள் இருந்தன. தலை என்று சொன்னது மொட்டு. கொடிதான்.

அது போதாது. கொடியும் சாமிக்கு ஆகும் என்று அத்தை சொல்லிவிடுவாள். அது எது இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது, எது என்றும் சொன்னால்தான் பொருள் என் கைக்கு வரும்.

புதன்கிழமை முட்டையை அவித்து, மஞ்சள் கருவை உதிர்த்து, டிபன் பாக்ஸில் அந்த இலையோடு சேர்த்து மூடினேன். முட்டையிலிருந்து வரும் வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். வேறு உலோகம் கலந்து பற்றவைத்த இடம் இருந்தால் அது வேறு நிறத்தில் தெரியும். சாயங்காலம் திறந்தபோது இலை புகைபோலக் கறுத்திருந்தது. சங்கிலி வளையம் ஒட்டிய இடம் பழுப்பாக இருந்தது. வளையம் பிற்பாடு ஒட்டியது என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, மேல் விளிம்பின் இரண்டு கோடியிலும் மிளகளவுக்குப் பழுப்பு வட்டங்கள். யாரோ இரண்டு துளைகளை அடைத்து, மேலே தேய்த்து மறைத்திருந்தார்கள்.

அப்படியானால் இது தொங்கிய பொருள் இல்லை. இரண்டு பக்கமும் கயிறு கோத்து உடம்பில் கட்டிய பொருள். முழங்கைக்கு மேல் வைத்துப் பார்த்தேன், கூர்முனை கை மடிப்பைக் குத்தியது. நெற்றியில் வைத்தால் குழி மிஞ்சியது. முழங்காலில்கூட வைத்துப் பார்த்தேன். பெரிய ஆளின் உடம்பில் எந்த இடத்திலும் அது உட்காரவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது, பிரசவத்துக்கு வந்து இன்னும் தங்கியிருந்த அத்தையின் மகள் பொன்செல்வி பின்வாசலில் தன் ஆறு மாதப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "ஜெமிக்கா, இவளக் கொஞ்சம் புடிங்க. துண்ட மறந்துட்டேன்" என்று ஈரத்தோடு என் மடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பிள்ளை என் கையிலிருந்த இலையைப் பிடித்து இழுத்தாள். அது நழுவி அவள் மடியில் விழுந்தது. எடுக்கப் போன நான் எடுக்காமல் பார்த்தேன். பிள்ளையின் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது. வயிற்றின் உருண்டைக்குக் கீழே அந்தக் குழி அளவெடுத்தது போல உட்கார்ந்திருந்தது. இரண்டு பழுப்பு வட்டங்களும் கயிற்றை ஒட்டி நின்றன.

அரைமூடி. துணி உடுத்தும் வயது வருவதற்கு முன் பெண் பிள்ளைகளுக்கு மானம் மறைக்க இடுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டும் வெள்ளி இலை. கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் துண்டு வருவதற்குள் போய்விட்டது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளி அசெம்பிளியில் நின்றிருக்கிறேன். சபையில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நின்றிருக்கிறேன். பாஸ்டர் அம்மா "நல்லாருக்கே" என்று தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். காது மடல் சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காலையில் அத்தை வாங்கிக்கொண்டு போவாள், உண்டியலில் விழும், யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் பொருள் மிஞ்சும். கூடவே, தெரு உள்ளவரை இந்தக் கதையும் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை காலை அத்தை தலை நிறையப் பூவோடு வந்து கையை நீட்டினாள். "குடு மக்கா."

"தர மாட்டேன், அத்தே. இது சாமிக்கு நேந்தது இல்ல."

கோவில் தகட்டை அவள் ஒரு கையிலும் இலையை மறு கையிலும் கொடுத்தேன். கொடியைக் காட்டினேன். குழியை விரலால் தடவச் சொன்னேன். துளைகளைக் காட்டினேன். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "இது பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கட்டுத அரைமூடி" என்றேன்.

மெஷின் நின்றது. அத்தை இலையைத் திருப்பினாள். கயிற்றைப் போல விரலை மேல் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யய்யோ, நான் இதக் கண்ணுல ஒத்தி வேற கும்பிட்டேனே!"

அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். "பாஸ்டருக்கு முன்னாடி போட்டுட்டுல்லா நின்ன, ஏட்டி!" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"ஸ்கூல்லயுந்தான்" என்றேன்.

சிரித்து முடித்து அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம்மவ பிள்ளைக்குக் குடுத்துரு மக்கா. இருக்க வேண்டிய எடத்துல இருக்கட்டும்." அம்மாவும் அதுதான் சரி என்பதுபோல என்னைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கையை நீட்டி இலையை வாங்கிக்கொண்டேன்.

"இல்லத்தே. நான் போடுவேன்."

"என்னன்னு தெரிஞ்சுமா?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுதான்."

அம்மா ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். அத்தை உண்டியலுக்கு என்று கோவில் தகட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ஆசாரியிடம் கொடுத்து வளையத்தை எடுத்துவிட்டு, அடைத்த துளைகள் இரண்டையும் திறக்கச் சொன்னேன். கறுப்பைப் போக்கி மெருகு போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். துளைகளில் கறுப்புக் கயிறு கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை திருவேங்கடம் பஸ்ஸில் கூட்டம். உட்கார இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பார்த்துக் கிடக்கும் கரிசல் காடு ஓடியது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த வயதான பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளின் தொடையில் இடித்தாள். இலையை மறைக்க என் கை தானாக மேலே எழுந்தது. அந்தக் கையால் தலைக்கு மேல் இருந்த கம்பியைப் பிடித்தேன். பஸ் திரும்பியது, வெயில் உள்ளே விழுந்தது. கறுத்த இலையில் புதிதாகத் திறந்த இரண்டு துளைகளின் விளிம்பு மட்டும் வெள்ளை வெளேரென்று மின்னியது. பக்கத்தில் இருந்தவள் நன்றாகப் பார்க்க முன்னால் சாய்ந்தாள்.