தொட்டிக்கு ஒரு கட்டி

அன்று கவிதாவுக்கு வந்த கோபத்தில் அடுப்பே இல்லாமல் பாகு கொதித்திருக்கும். ஆனால் பாகு காய்ச்சத்தான் வெல்லம் இல்லையே!

சாயங்காலம் நாலு மணிக்குச் சென்னைக் கடைக்காரர்களின் வேன் வருகிறது. ஐம்பது பெட்டி கடலை மிட்டாய், முதல் ஆர்டர். சொன்ன நேரத்துக்கு ஏற்றிவிட்டால் மாதாமாதம் உண்டு, தவறினால் அவ்வளவுதான். காலையில் பாகு காய்ச்சுகிற ஆதிமூலம் கரண்டியோடு வந்து நின்றார். "இன்னாம்மா இது, தொட்டிக்கு ஒரே ஒரு கட்டி வெல்லம் கெடக்குது?"

கவிதா செல்லைத் திறந்தாள். முதல் தொட்டியில் ஒன்று, இரண்டாவது தொட்டியிலும் ஒன்று என்று சாஃப்ட்வேர் சத்தியம் செய்தது. ஒன்று என்றால் அதன் கணக்கில் ஒரு மூட்டை.

அந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சமா? புருஷன் வெற்றிவேல் சரக்கைக் குவித்து வைத்தால்தான் தூங்குகிற ஆள். மழையில் வெல்லம் கசியும், கோடையில் கடலையில் வண்டு விழும். அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்த லோடு இறக்குவான், மகராசன். தேவைக்கு மேல் வைக்காதே, தீரத் தீர வாங்கு என்று விழுப்புரத்தில் நடந்த சிறுதொழில் பயிற்சியில் சொன்னதைக் கவிதா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொருளுக்கு ரெண்டு தொட்டி. ஒன்று காலியானதும் செல்லில் சைபர் போட வேண்டும். உடனே வியாபாரிக்கு மெசேஜ் போகும், அடுத்த தொட்டி தீர்வதற்குள் சரக்கு வந்துவிடும். பழைய இருப்பு தீரும்வரை ஒரு வம்பும் வரவில்லை.

சைபர் போட வேண்டியவள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற செல்லம்மாள். வெற்றிவேலின் அக்கா. அம்மா போனபிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். புருஷனும் போய்ச் சேர்ந்ததும் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

"அண்ணி, கம்ப்யூட்டர் உங்களுக்குப் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. ஒரு கட்டிய வெச்சிக்கினு ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே!"

"ஒண்ணு இருக்குதுல்ல? பொய்யா சொன்னேன்?"

"காலியானா சைபர் போடணும்னு எத்தினி தபா சொன்னேன்?"

செல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "என் தம்பி ஸ்டோர்ல ஒண்ணுமில்லன்னு என் கையால எழுதணுமா? தலையே போனாலும் மாட்டேன். அதான் காலியாவாம தொட்டிக்கு ஒரு கட்டிய நிறுத்தி வெச்சேன்."

"இந்த சாஃப்ட்வேருக்கு இன்னைக்கோட ஒரு கும்பிடு," என்றான் வெற்றிவேல். "நாளைக்குப் பழையபடி லோடு எறக்குறேன்." அவன் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அனந்தபுரம் வெல்ல வியாபாரி கலியபெருமாளுக்குப் போன் போட்டால், வண்டி வெளியே போயிருக்கிறது, நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கவிதா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். யாரும் கூப்பிடாமலே செல்லம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கலியபெருமாள் கடை வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா, வெல்லம் சுத்தமா இல்லியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் கவிதா வாயைத் திறந்தாள். ஸ்கூட்டியின் கண்ணாடியில் செல்லம்மாளின் முகம் தெரிந்தது. அடி விழப்போகிறவள்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். இந்தப் பொம்பளைக்கு என் சாஃப்ட்வேர் மேல் ஒரு கோபமும் இல்லை, 'இல்லை' என்று சொன்னால் தம்பி வீடு குறைந்துவிடும் என்ற பயம்தான் என்று அந்த நிமிஷம் கவிதாவுக்கு உறைத்தது.

"இருக்குது மாமா," என்றாள். "இன்னும் ஒரு மூட்டை வேணும்."

தோள்மேல் செல்லம்மாளின் கை வந்து அழுத்தியது.

மூட்டையைக் கால் பக்கம் வைத்துக்கொண்டு திரும்பும்போது, "சாப்டியாடி?" என்றாள் செல்லம்மாள்.

"எங்க சாப்ட?"

"வெறும் வயித்துல அந்தக் கத்து கத்துனியே, சாப்ட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் எங்க கதி!"

கவிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

வேன் வந்து நின்றபோது கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதும் ஏறின. அடுத்த மாதத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார் டிரைவர். வெற்றிவேல் சாஃப்ட்வேரைப் பற்றி அப்புறம் மூச்சு விடவில்லை.

கவிதா சாஃப்ட்வேர் ஆட்களிடம் பேசி, செல்லில் வரும் கேள்வியை மாற்றினாள். 'இருப்பு எவ்வளவு' இருந்த இடத்தில் 'இன்னும் எவ்வளவு வேணும்?' வந்தது. தொட்டியில் கடைசிக் கட்டி நின்றதும் அந்தக் கேள்விக்குப் பதில் போட்டால் போதும்.

செல்லம்மாள் செல்லை எட்டப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இத்தினி வருஷத்துல, இன்னா வேணும்னு என்னை ஒருத்தர் கேட்டதில்ல. இது கேக்குது பாரேன்."

"அது இல்ல அண்ணி. நான்தான் கேக்குறேன்."

செல்லம்மாள் செல்லை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு மூட்டை வெல்லம்," என்று தட்டினாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "அந்த ஸ்கூட்டில ஒரு நாளு மண்டகப்பட்டு குகைக் கோயிலு வரைக்கும் கூட்டிக்கினு போ. வேலையா இல்ல. சும்மா."