வடக்கே ஒரு தீவு

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அப்பா கலங்கரை விளக்கத்தின் சீட்டு ஜன்னல் முன் போய் நின்றார். இருபத்தாறு வருடம் அதே ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்.

"உங்களுக்கு எதுக்குண்ணே சீட்டு?" என்றாள் உள்ளே இருந்தவள்.

"ஓசியில ஏறி உருண்டா, ஏன்னு கேக்க நாதி இருக்காது. கிழிம்மா."

கூட வந்த மகள் அண்ணாந்து பார்த்தாள். நூற்றுப் பதினெட்டுப் படிகள். பத்துக்கு மேல் கூடாது என்றிருந்தார் மருத்துவர்.

ஜன்னலை விட்டு நகர முடியாத வேலை. அப்பா ஒருமுறைகூட மேலே போனதில்லை. இறங்கி வருகிறவர்கள் சொன்னதை ஏறுகிறவர்களுக்குச் சொல்வார். இடது பக்கம் துறைமுகம், வடக்கே ஒரு தீவு. வேலையின் கடைசி நாளில் ஒருவர் இறங்கி வந்து, "தீவாம் தீவு. புளுகாதய்யா" என்றுவிட்டுப் போனார்.

"நான் பாத்துட்டு வந்து சொல்றேம்ப்பா."

"அடுத்தவங்க பாத்ததைச் சொல்லித்தானே புளுகன்னு பேரு. இதை நானே பாக்கணும்."

ஆறு படி ஏறுவார், நிற்பார். அவருடைய இரைப்பு கோபுரம் முழுக்கக் கேட்டது. மகள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"போதும்ப்பா. இறங்கிடலாம்."

"இறங்கவும் இதே படிதான்."

மேலே பன்னிரண்டு படிகள் இருக்கும்போது உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்திருந்தது.

"ஆளைக் கூப்பிடறேன்."

"கூப்பிட்டா கீழே தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீ போ. போய்ப் பாரு." கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "எனக்காகப் பொய் சொல்லாதே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

மேலே காற்று. படகுகள் துறைமுகத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. வடக்கே கடலில் ஒரு பாறை மேடு. கண்ணுக்கு மேல் கையை வைத்து நின்று பார்த்தாள். மேட்டையும் கரையையும் ஒல்லியான மணல் இணைத்திருந்தது. அதன் மேல் ஒரு நாய் நடந்துபோனது. மணலின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

படி வாசலில் மண்டியிட்டுக் குனிந்தாள்.

"தீவு இல்லப்பா. கரையோட ஒட்டிட்டு இருக்கு."

இரைப்புச் சத்தம் இல்லை. வளைவில் அவர் கை மட்டும் தெரிந்தது. அது கம்பியை விட்டுப் படியில் மல்லாந்து கிடந்தது.

அவள் குரலை உயர்த்தினாள்.

"தண்ணி ஏறுதுப்பா. அரை மணி நேரத்துல மணல் முங்கிடும். அப்ப அது தீவுதான். இருந்து பாத்துட்டுப் போலாமாப்பா?"