வாடகையைக் கேட்ட பெண்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கலாம். வாடகையைக் கேட்கக் கூடாது. கிள்ளானில் யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தைச் சீதாலெட்சுமி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டு உடைத்தாள்.

மூன்று வரன்கள் வந்திருந்தன. ரங்கூன் மாப்பிள்ளைக்குத் தொண்ணூறு ரூபாய் என்றார்கள். இந்த ஊர் நாணயமான வெள்ளிக்கு மாற்றிப் பார்த்ததும் மனிதர் அறுபதுக்குள் சுருங்கிப்போனார். கடல் வேறு தாண்ட வேண்டும் என்று அப்பா அய்யாவுவே அவரைத் தள்ளிவிட்டார். மிச்சம் இருவர். சிங்கப்பூரில் கணக்கர் வேலை பார்க்கும் வேலாயுதத்துக்கு எழுபத்தைந்து வெள்ளி. கிள்ளானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாவான பாலனுக்கு நாற்பத்தைந்து. கிட்டங்கியில் மூட்டை எண்ணியே தலை நரைத்த அய்யாவுவுக்கு எது பெரிய எண் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீதாவுக்கோ பிரிக்பீல்ட்ஸ்தான் வேண்டும். அம்மா காலமான பிறகு வீட்டில் அவளும் அப்பாவும்தான். சிங்கப்பூருக்கு, அவ்வளவு தூரம் போய்விட்டால் இந்த மனுஷர் தனியாக என்ன செய்வார் என்பதே அவள் கவலை. வாய்விட்டுச் சொன்னால், எனக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். ஆகவே அவரைக் கணக்கால் மடக்கத் தீர்மானித்தாள்.

வேலாயுதத்தின் அக்கா நல்லம்மாள் வந்து உட்கார்ந்து, தம்பியின் சம்பளத்தை இரண்டு தடவை சொல்லி முடித்தாள். காப்பித் தட்டோடு வந்த சீதா நிமிர்ந்தாள்.

"அக்கா, அங்க வீட்டு வாடகை எவ்வளவு?"

அய்யாவுவுக்குக் காப்பி புரையேறியது. நல்லம்மாள் உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"இதை ஒருத்தரும் கேட்கலையேன்னு இருந்தேன், ஆயி! வீடு எங்க இருக்கு? மாடியில ஒரே ஒரு அறை, இருபது வெள்ளி. வேலைக்கு டிராம்ல போக மூணு வெள்ளி. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது!"

நல்ல பெண்பிள்ளை. சீதாவுக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

அவள் போனதும் சீதா பென்சிலும் காகிதமுமாக அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். சிங்கப்பூரில் எல்லாம் போக ஐம்பத்திரண்டு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மூன்று வெள்ளி பிடித்தால் நாற்பத்திரண்டு. பாலன் வேலைக்கு நடந்தே போகிறவர்.

"அப்பவும் பத்து வெள்ளி கூடுதல்!" என்று அய்யாவு மேசையைத் தட்டினார்.

கணக்கு அவளையே கவிழ்த்துவிட்டது. சீதாவுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. பென்சிலை அழுத்திப் பிடித்து இன்னும் ஒரு வரி எழுதினாள்.

"இது என்ன செலவு?" என்றார் அய்யாவு.

"அப்பாவைப் பார்க்க வர்ற ரயில் செலவு. மாசம் ஒரு தடவை. சிங்கப்பூர்லருந்து போக வர பதினாலு வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ்லருந்து ஒண்ணே கால்."

அய்யாவு கழித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு, நாற்பதே முக்கால். மறுபடியும் கழித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். மகள் கையிலிருந்த பென்சிலை வாங்கினார்.

"தப்பா எழுதியிருக்கே."

"எங்க, அப்பா?"

'மாசம் ஒரு தடவை' என்பதை அவர் பட்டையாக அடித்தார்.

"வாரா வாரம்னு போடு" என்றார்.