இரண்டு பாட்டு முடிந்த பிறகு

டின் லான்டர்ன் ரெக்கோர்ட்ஸ் என்ற கம்பனியின் வரலாற்றை ஒரு ஆங்கில இசைச் சஞ்சிகை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தது. அதில் என் அம்மாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. "ஜெர்மனியில் அகப்பட்ட ஒரு பழைய கசெற்றிலிருந்து, பெயர் தெரியாத கீழைத்தேயப் பெண்ணின் குரல்." பெயர் தெரியாதாம். மன்னாரில் எங்கள் தேவாலயப் பங்கில் அம்மாவின் பேரைச் சொல்லி, பேர்பெச்சுவா வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். பெரிய வெள்ளியன்று சிலுவையடியில் புலம்பல் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். ஒருத்தனும் கேட்கவில்லை.

அவர்கள் எழுதிய வரலாற்றை நானும் சொல்கிறேன், எனக்குப் பாடமாகிவிட்டது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் கிரெக், டேவ் என்று இரண்டு பொடியன்கள். வேலைவெட்டி இல்லை. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்து, ஒரு ட்ரம் மெஷினை வைத்துக்கொண்டு 1984இல் கம்பனி தொடங்கினார்கள். முதல் இசைத்தட்டை நாய்கூடச் சீண்டவில்லை. அடுத்த தட்டுக்காக டேவின் தகப்பன் தன் காரை விற்றாராம். அந்தக் காரைப் பற்றி மட்டும் சஞ்சிகைக்காரன் உருகி உருகி ஒரு பந்தி எழுதியிருந்தான். பிறகு 1988இல், அம்மாவின் குரலை வைத்துச் செய்த 'டெம்பிள் ஃபீவர்' வந்தது. டிஸ்கோக்களில் திரும்பின பக்கமெல்லாம் அதுதான். டெம்பிளாம்! அம்மா சிலுவை வைத்த வேதக்கோயிலைத் தவிர வேறெந்தக் கோயில் வாசலையும் மிதித்ததில்லை.

அந்தத் தட்டை நான் முதலில் கேட்டது டுசல்டோர்ஃபில் ஒரு டிஸ்கோவில். ஆடப் போகவில்லை, நிலம் துடைக்கப் போனேன். எங்கள் அகதி வழக்கு முடியாததால் வேலை செய்ய அனுமதி இல்லை. களவாகத்தான் போய்வந்தேன். பின்னேரத்தில் அங்கே தட்டுப் போடுகிறவன் வந்து, அன்றைக்கு வந்த புதிய தட்டுகளைப் போட்டுப் பார்ப்பான். அன்றும் ட்ரம் சத்தம் டும் டும் என்று தொடங்கியது. அதற்கு மேலே என் அம்மாவின் குரல் வந்தது.

"எழும்பு ராசன், எழும்பு ராசன், வள்ளம் காத்திருக்கு."

ராசன் என் தம்பி. கடற்றொழிலுக்குப் போகிறவன். அம்மா அவனை விடிய எழுப்புவது வேறு மாதிரி, வீடு கூட்டுகிற தும்புத்தடியால் காலில் தட்டி எழுப்புவாள். இது அந்த எழுப்பல் இல்லை. எங்கள் பக்கத்தில் இந்த ராகத்தில் உயிரோடு இருக்கிறவனை எழுப்பமாட்டார்கள். அந்த வரியை மெஷின் வெட்டி வெட்டித் திருப்பித் திருப்பிப் பாடியது. தட்டுப் போடுகிறவன் தலையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினான். தம்பி செத்துப்போனான் என்பது எனக்கு இப்படித்தான் தெரிய வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தி அழுதேன்.

எங்களைத் தங்கவைத்திருந்த அகதி விடுதிக்கு வந்து, என் புருசன் ஜேசுரட்ணத்தைப் பிடித்தேன்.

"மன்னாரில இருந்து எனக்கு ஏதும் கசெற் வந்ததே?"

"கசெற்றோ? இல்லையே. பொறும்... முந்தி ஒருத்தர் கொழும்பால வரேக்க உமக்கெண்டு ஒரு பை கொண்டுவந்தவர். மிளகாய்த்தூளோட ஒரு படப்பாட்டுக் கசெற்றும் கிடந்தது. இஞ்ச உடுப்புக் கொண்டுவாற ஊவே தமிழ்ப்பாட்டு வேணுமெண்டு கேட்டுக்கொண்டிருந்தவன். குடுத்திட்டன்."

"போட்டுக் கேட்டனீங்களே?"

"ஓம், முதல் பாட்டைக் கேட்டனான். பழைய பாட்டு. அதுக்கேன் இப்ப இந்தக் கோபம்?"

சோற்றுச் சட்டியைத் தூக்கி எறிந்தேன். சுவரில்தான் பட்டது.

அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து 83 கலவரத்தோடேயே வெளிக்கிட்டு வந்தவர். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று பிந்தி வந்த எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி போட்டு ஆமிக்காரன் மறிப்பான். பையைக் கிண்டுவான். கசெற் இருந்தால் போட்டுக் கேட்பான். அதனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் குரல் அனுப்புகிறவர்கள் கடையில் விற்கிற படப்பாட்டுக் கசெற்றை வாங்குவார்கள். அதன் மேல்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதைக் கடதாசியால் அடைத்தால் பாட்டுக்கு மேலே பதியலாம். முதல் இரண்டு பாட்டையும் தொடாமல் விட்டு, அதற்குப் பிறகுதான் பேசுவார்கள். ஆமிக்காரனுக்கு இரண்டு பாட்டுக் கேட்கிற பொறுமை இருந்ததில்லை. என் புருசனுக்கு ஒரு பாட்டுக்கு மேலே பொறுமை இருக்கவில்லை.

அழுகை அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. எங்கள் ஊரில் இருந்து கடிதம் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஊர் முழுக்க எழும்பிப் போய்விட்டது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். சிலர் மடு மாதா கோயிலுக்கு, சிலர் வள்ளமேறி இந்தியாவுக்கு. அம்மா எந்தப் பக்கம் போனாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தம்பியை மண்ணில் தாட்டுவிட்டு எனக்குக் கசெற் பதிந்தவள், தான் போகிற இடத்தைச் சொல்லாமல் விட்டிருப்பாளா? அந்தக் கசெற் எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஊவே எங்கள் விடுதிக்குப் பழைய உடுப்புக் கொண்டுவந்து தருகிற மனிதன், இசைத்தட்டுக் கடை வைத்திருந்தான். நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கடைக்குப் போனபோது அந்தச் சஞ்சிகையை எடுத்து விரித்துக் காட்டினான். கசெற்றை ஷெஃபீல்டுக்கு அனுப்பியவன் தான்தான் என்று அவனுக்குப் பெருமை. என் முகத்தைப் பார்த்ததும், தனக்கு அவர்கள் ஒரு சதமும் தரவில்லை என்றான். நான் காசைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அது என் அம்மா. செத்த வீட்டில் அழுகிறாள். அந்தக் கசெற்றைத் திருப்பி எடுத்துத் தா," என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

அவன் எழுதினான். டின் லான்டர்ன் காரரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உடைத்தால் உள்ளே இரண்டு ரீசேட் பனியன், நெஞ்சில் கம்பனிச் சின்னமான லாம்பு படம் போட்டது. அன்பளிப்பாம். ஒன்றை ஜேசுரட்ணம் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டையும் பறித்துக்கொண்டுபோய் டிஸ்கோவின் கக்கூஸ் துடைத்தேன்.

நேரே போய்க் கேட்கலாம் என்றால், பக்கத்து மாவட்டத்துக்குப் போகவே அரசாங்கக் கந்தோரில் டெர்மின் என்று நாள் குறித்து எடுத்து, கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அகதி வழக்கு முடியும் மட்டும் நாங்கள் அந்த மாவட்ட எல்லையைத் தாண்ட ஏலாது. அம்மாவின் குரல் மட்டும் விசா இல்லாமல் ஷெஃபீல்டுக்குப் போய், ட்ரம் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

அடுத்த வருடம் அந்த டிஸ்கோவுக்கே கிரெக் வந்தான். அன்று இரவு அவனும் டேவும் தட்டுப் போடுகிற ஆட்டம். பின்னேரமே வந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தான். தலை சீவாத, மெலிந்த பொடியன். கையில் துடைப்பத்தோடேயே முன்னால் போய் நின்று, கொன்வென்ற்றில் படித்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"டெம்பிள் ஃபீவரில் பாடுவது என் அம்மா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "உங்கள் அம்மாவா! என்ன குரல்! டேவ், இங்கே வந்து பார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என்னோடு நின்று படம் எடுக்க வேண்டுமாம். எனக்கும் அந்தக் குரல் இருக்கிறதா, மேடைக்கு வர முடியுமா என்றும் கேட்டான்.

"அவள் பாடவில்லை. என் தம்பியின் பிரேதத்துக்கு முன்னால் இருந்து அழுகிறாள். எழும்படா என்று பிரேதத்தைக் கேட்கிறாள். அதற்குத்தான் நீங்கள் எல்லோரும் குதிக்கிறீர்கள்."

கையை விட்டான். பிறகு, தங்களுக்கு அது தெரியாது என்றான். தெரியாது, தெரியாது! எத்தனை பேரிடம் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டேன். துடைப்பக் கட்டையை நிலத்தில் ஓங்கிக் குத்தினேன்.

"தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டும். மிச்சம் எங்கே? அந்தக் கசெற் எங்கே?"

ஸ்டூடியோவில் எங்கேயோ கிடக்கும், தேடி அனுப்புகிறேன் என்றான். அன்று அந்தத் தட்டைப் போடவில்லை என்று பிறகு அறிந்தேன். அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சொன்னபடி கசெற் வந்தது. ஒரு கடதாசித் துண்டும் எழுதி வைத்திருந்தான். "நடுவில் ஓரிடத்தில் எங்கள் ட்ரம் பதிந்துவிட்டது. அன்றைக்கு வெற்றுக் கசெற் கையில் இருக்கவில்லை. மன்னிக்கவும். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் பேச்சு இருந்த இடம்தான்."

கசெற்றைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு ஓட்டையில் அம்மா அடைத்த கடதாசி அப்படியே இருந்தது. அவள் பதியத் திறந்த வழியால்தான் அவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள்.

ஜேசுரட்ணம் பக்கத்தில் வந்து இருந்தார். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவதும் ஓடியது. பிறகு புலம்பல் முழுக்க வந்தது. ராசன் பிறந்தது, நடந்தது, கடலில் வைத்து நேவிக்காரன் சுட்டது எல்லாம் அதில் இருந்தது. அதை முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அம்மா சாதாரணக் குரலில் பேசினாள்.

"டொறத்தி, சாப்பிட்டனியே? குளிருக்கு மொத்தமான உடுப்பாப் போடு. தம்பியை நினைச்சு உடம்பைக் கெடுக்காத. இஞ்ச இனி இருக்கேலாது பிள்ளை, நாளைக்கு வெளிக்கிடுறம். எங்க போறம், ஆரிட்டைக் கேட்டு என்னைப் பிடிக்கலாமெண்டு சொல்லுறன், வடிவாக் கேள்..."

டும் டும் டும் டும்.

ஜேசுரட்ணம் எழும்பி நிறுத்தப் போனார்.

"விடுங்கோ. கை வைக்காதேங்கோ," என்று கத்தினேன்.

ட்ரம் அடித்துக்கொண்டே போனது. ஒரு பாட்டு நீளத்துக்கு அடித்தது. நடுவில் கிரெக் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு பட்டென்று நின்று, அம்மா திரும்பி வந்தாள்.

"...அவ்வளவுதான். இடம் விளங்கினதே பிள்ளை? விளங்காட்டி, திருப்பிப் போட்டுக் கேள்."