சம்மதம் கேட்காத செய்தி

மீடியேட்டர் லைப்ரரி என்றால் என்ன என்று என் அம்மாவுக்கே புரிய வைத்துவிட்டேன். ஷாஜியண்ணனுக்குப் புரிய வைக்க முடியவில்லை. அவருக்குப் புரியாமல் இல்லை, புரிந்துகொள்ள மனமில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாறசாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஷாஜியண்ணன் முதலாளி, நான் கோட் எழுதுகிறவள். பூவார் படகுக்காரர் சங்கமும் அங்குள்ள ஒரு ரிசார்ட்டும் சேர்ந்து கேட்ட ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். டிக்கெட் பதிவு ஒரு பகுதி, படகுகள் ஒரு பகுதி, எச்சரிக்கை ஒரு பகுதி. இவை ஒன்றோடொன்று நேரடியாகப் பேச ஆரம்பித்தால், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். அதனால் நடுவில் ஒரு மீடியேட்டரை வைத்தேன். ஒரு பகுதி தன் செய்தியை அதன் கையில் கொடுத்தால் போதும், போக வேண்டிய இடத்தில் அது சேர்த்துவிடும். இதற்கென்றே மற்றவர்கள் எழுதி வைத்த கோட் தொகுப்புகள், பெரிய லைப்ரரிகள், எத்தனையோ இருக்கின்றன. நான் வேண்டுமென்றே சின்னதாகப் பார்த்து எடுத்தேன். ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் அதன் கோட் முழுவதையும் படித்துவிடலாம். நடுவில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று தெரியாமல் நான் யாரிடமும் ஒரு செய்தியை ஒப்படைக்க மாட்டேன்.

அந்த ஆப்பின் உயிரே எச்சரிக்கைதான். பூவாரில் நெய்யாற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. ஆற்றில் வெள்ளம் ஏறினால் அதை அறுத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். பொழி முறிவது என்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் படகைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் காண்கிறவன் துடுப்பில் சிவப்புத் துணியைக் கட்டித் தூக்குவான். மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் படகைத் திருப்புவார்கள். ஏன் தூக்கினாய் என்ற கேள்வியெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். தப்பாகத் தூக்கியிருந்தால் எல்லோருக்கும் அவன் சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே தண்டனை.

அதையே நான் ஆப்பில் செய்தேன். எந்தப் படகுக்காரர் பொத்தானை அழுத்தினாலும் எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும்.

ரிசார்ட் மேனேஜர் மோகனன் சாருக்கு இது பிடிக்கவில்லை. எச்சரிக்கை முதலில் தன் போனுக்கு வர வேண்டும், தான் சம்மதித்த பிறகே படகுகளுக்குப் போக வேண்டும் என்றார். சும்மா சும்மா அலாரம் அடித்தால் விருந்தினர்கள் பயந்து ஓடிவிடுவார்களாம்.

"ஒரே ஒரு ஃபைலாக்கும் மக்கா," என்றார் ஷாஜியண்ணன். "எல்லா மெசேஜும் போற வழியில ஒரு படி வச்சா போதும். நீதானே சொன்ன, இந்த லைப்ரரியில அது எளுப்பமுன்னு?"

சொன்னேன்தான். வழியில் ஒரு படியைச் செருக அதில் இடம் உண்டு. யார் எப்போது என்ன செய்தி அனுப்பினார்கள் என்று பதிந்து வைக்கத்தான் அந்த இடம். ஒருவன் உட்கார்ந்துகொண்டு செய்தியைப் பிடித்து வைப்பதற்கு இல்லை. என் சுத்தமான வேலையே இந்த அசிங்கத்தை இத்தனை எளிதாக்கிவிட்டதே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"அண்ணே, சாரு குளிச்சிட்டு இருந்தாருன்னா? போன சார்ஜில போட்டிருந்தாருன்னா? படகுல ஆளு உண்டு. நான் எழுத மாட்டேன்."

"நீ எழுதாட்டா நான் எழுதுகேன்."

எழுதினார். வருஷக்கணக்கில் கோட் பக்கமே வராத மனிதர், உட்கார்ந்து எழுதிவிட்டார். சங்கத்துக்காரர்களிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

ஆப்பைக் காட்ட எல்லோரும் பூவார் படகுத்துறையில் கூடினோம். சங்கத் தலைவர் பொன்னுதாஸ் மாமா தன் ஆட்களோடு நின்றார். மோகனன் சார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிழலில் நின்றார்.

மாமா பொத்தானை அழுத்தினார். ஒரு படகுக்காரரின் போனும் அடிக்கவில்லை.

"என்ன மக்கா, ஒண்ணும் வரல்லியே?"

"நெட்வொர்க் ஸ்லோவாக்கும் மாமா," என்றார் ஷாஜியண்ணன்.

பச்சைப் பொய். பொய்யென்றால் பரவாயில்லை, என் கோட்டின் பேரில் சொன்ன பொய்.

"நெட்வொர்க் ஒண்ணும் இல்ல மாமா," என்றேன். "நீங்க அனுப்பினது மோகனன் சாருக்க போனுல நிக்குது. அவரு போன பையில இருந்து எடுத்து சம்மதம் குடுத்தாத்தான் உங்களுக்கு வரும்."

படகுக்காரர்கள் எல்லோரும் நிழலைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சத்தம் போடவில்லை.

"சாரே, பொழி முறியும்போ நீங்க எங்க நிப்பீங்க?"

மோகனன் சார் ஷாஜியண்ணன் பக்கம் திரும்பினார். "எந்தா ஷாஜி இது?" என்றார்.

ஷாஜியண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "ஜெஸ்னா, நாளையில இருந்து நீ வரண்டாம்."

"சரி அண்ணே. இன்னைக்கு உண்டுல்லா?"

துறையின் படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவர் செருகிய படியை வழியில் சேர்ப்பது ஒரே ஒரு வரி. அதை அழித்துவிட்டு ஆப்பை மறுபடி ஏற்றினேன். "ஏட்டி, அத மூடு!" என்று ஷாஜியண்ணன் கிட்டே வந்தார். திரையில் வெயில் அடித்ததால் மாமா குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஆட்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். ஷாஜியண்ணனுக்கு வர வழி இல்லை.

"இப்போ அழுத்துங்க மாமா."

அழுத்தினார். துறையில் நின்றவர்களின் போன்கள் எல்லாம் ஒன்றாக அலறின. கட்டிக் கிடந்த படகுகளிலிருந்தும் சத்தம் வந்தது. மோகனன் சாரின் சட்டைப் பையும் கூடவே அலறியது. அவர் போனை எடுத்து அலாரத்தை நிறுத்த அவசர அவசரமாக எதையெதையோ அழுத்திப் பார்த்தார்.

"அமத்துங்க சாரே," என்றேன். "உங்க போன் மட்டும்தான் அமரும்."