துடைத்தெடுத்த வீடு

துறைமுகத்துக்குப் பின்தெருவில், மஞ்சள் தூள் பறக்கும் பருவத்தில், ஒரு வீடு துடைத்துத் துடைத்தே காணாமல் போனது. முறையாக வரி கட்டிக்கொண்டிருந்த வீடுதான். இடிக்கவில்லை, எரியவில்லை. வீட்டுக்காரி ஈரத்துணியால் துடைத்தாள், போய்விட்டது. தெருக்காரர்கள் நாலு நாள் வந்து வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவளுக்குத் தெருவில் பளிச்சு என்று பெயர். கடற்கரை விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் கண்டுபிடிக்க மேனேஜர் தலைகீழாக நின்று பார்த்தும் முடியவில்லை. ஆனால் அவள் சொந்த வீடு அவள் பேச்சைக் கேட்பதாயில்லை. அந்த ஊர் வசந்தம் கவிஞர்கள் சொல்கிற வசந்தம் இல்லை. மரங்களெல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகப் பூத்து மகரந்தத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டும். கடல் காற்றில் சுவர்கள் வியர்க்கும். இரண்டும் சேர்ந்து ஜன்னல், தட்டு, தலையணை என்று எதையும் விடாமல் மஞ்சள் பசையாக அப்பிக்கொள்ளும். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை கருப்பாகப் படரும். அந்தப் பசையும் பூஞ்சையும்தான் அவளுடைய ஒரே மகளின் நெஞ்சை இறுக்கின. முந்தைய வருடம் உதடு நீலம் பாரித்து, பாப்பா பிழைத்ததே பெரும்பாடு. அதனால் மலைப்பக்கம் காய்ந்த காற்றில் குடியிருந்த நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. "வீடு சரியாகுற வரைக்கும் இங்க இருக்கட்டும்," என்றாள். சொல்லும்போதே பாப்பாவின் அளவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தாள்.

டாக்டர் அவசரக்காரர். "வீட்ல சுத்தமா எதுவும் இருக்கக் கூடாதும்மா, அப்புறம் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னது தூசியை. பளிச்சுவின் காதில் தூசி விழவில்லை. எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் விழுந்தது.

மெத்தையையும் திரைச்சீலையையும் முதலில் தூக்கிப் போட்டாள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, மூச்சு விடாமல் தேய்த்தாள். துடைத்த இடத்தில் மறுபடி மஞ்சள் படிந்தது, மறுபடி துடைத்தாள். கடிகாரத்தைத் துடைத்தபோது எண்கள் துணியோடு வந்துவிட்டன. சனியன் ஒழிந்தது, எண்களில் எவ்வளவு தூசி அடையும் என்று அவள் நினைத்தாள். பிறகு மேசையின் மூலை போயிற்று, பின் மேசையே போயிற்று. பாப்பாவின் கட்டிலை ஒரே காலையில் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்தால் வாளியில் மரத்தின் நிறம் இறங்கியது, அதைச் சாக்கடையில் கொட்டினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவள் கணவர் வேலை முடிந்து வந்து தெருவிலேயே நின்றார். "ஏம்மா, கதவு எங்க?" "தொடச்சேங்க." "கதவையா?" "பிசுபிசுன்னு இருந்துச்சு." அவர் மனைவியின் வெந்துபோன விரல்களைப் பார்த்தார். கதவு இருந்த இடத்தின் வழியாகவே உள்ளே வந்தார்.

பாப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். முதல் வாரங்களில், "அம்மா, என் கட்டில்ல யாரையும் படுக்க விடாத," என்று அதிகாரம் பண்ணினாள். கட்டிலைத் துடைத்த வாரம், "எனக்கு அங்க கட்டில் இருந்துச்சா?" என்று கேட்டாள். சுவர்களைத் துடைத்த வாரம், வீடே ஞாபகம் வரவில்லை என்றாள். சின்னப் பிள்ளைதானே என்று பளிச்சு மனதைத் தேற்றிக்கொண்டாள். கடைசியாக மிஞ்சியிருந்தது அடுப்படிச் சுவர், பாப்பா எண்ணெய்க் கையோடு சாய்ந்து சாய்ந்து கறையாக்கிய சுவர். அதையும் துடைத்த அன்று போனில், "நீங்க சாப்டீங்களா?" என்றது குழந்தை. பிறந்ததிலிருந்து அம்மாவை வா, போ என்றே பேசிய குழந்தை. "பரவாயில்லையே, அக்கா மரியாதை கத்துக் குடுத்திருக்கா," என்றார் கணவர். "ஐயோ, அவ ஞாபகத்தையும் சேத்துத் தொடச்சிட்டேங்க!" என்று கத்திக்கொண்டே பளிச்சு சாக்கடைக்கு ஓடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். முழங்கை வரை விட்டுச் சேற்றை அள்ளி, சுவர் இருந்த இடத்தில் பூசினாள். வெறும் காற்றில் எது ஒட்டும்? பிழிந்த தண்ணீரெல்லாம் எப்போதோ கடலுக்குப் போய்விட்டது.

நாத்தனாருக்குச் செய்தி போயிற்று. "வீடே இல்லையாமே. புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். ஒரு தடவை கண்ணில் காட்டுங்கள் என்று பளிச்சு போனிலேயே கெஞ்சி அழுததால், மனசு கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்தாள். பாப்பா புதுச் செருப்போடு வெற்றுத் தரையில் நின்று, "நீங்கதான் எங்க அம்மாவா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

தடுக்கச் சுவர் இல்லாததால் மகரந்தம் நேராக வந்து இறங்கியது. மதியத்துக்குள் பாப்பாவின் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. "பாத்தியா? இதுக்குத்தான் வரமாட்டேன்னு சொன்னேன்," என்று நாத்தனார் பையை எடுத்தாள். கணவர் வண்டி பிடிக்க ஓடினார். பளிச்சு பாப்பாவை மடியில் இருத்தி, மருந்தை உறிஞ்சவைத்து, முதுகைக் கீழிருந்து மேலாக நீவினாள். யாரோ ஒரு பெண்ணின் மடியில் இருப்பதுபோல விறைத்துக்கொண்டிருந்த குழந்தை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. மூச்சு இறங்கி வந்தது. வண்டி வந்து ஹாரன் அடித்தது. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், எங்கே இருந்தால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு பளிச்சு கையை எடுத்தாள்.

"எடுக்காத," என்றாள் பாப்பா. "கைய எடுக்காதம்மா. இங்க என் கட்டில் இருந்துச்சே, எங்க?"

கேட்ட இடத்தில் கட்டில் இருந்தது. நாத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டு கட்டில்மேலேயே உட்கார்ந்து அழுதாள். வண்டிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு பாப்பாவுக்கு ஞாபகம் வர வர வீடு வந்தது. சுவர்கள் ஒரு வாரத்தில் வந்தன. ஜன்னல்கள் குழந்தையின் உயரத்துக்கே வந்ததால் பெரியவர்கள் குனிந்துதான் வெளியே பார்க்கிறார்கள். கடிகாரத்தில் அவளுக்குத் தெரிந்த வரைக்கும்தான் எண்கள். மூச்சு இன்னும் சில நாள் இழுக்கிறது, மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அடுப்படிக்கு வாசல் மட்டும் இன்னும் வரவில்லை, நாலு பக்கமும் சுவர்தான். அது அவளுக்கு ஞாபகம் வரும்வரை ஜன்னல் வழியாகவே ஏறி இறங்கிச் சமைக்கிறார்கள்.